தேதியாகச் சொல்லவும்

எங்கள் வேம்படிவிளைப் பேரூராட்சி அலுவலக வாசலில் ஒரு புரட்டாசிச் செவ்வாய்க்கிழமை காலை, ஆள் உயரத்தில், கைத்தடிப் பருமனில், வெள்ளைக் கோடு ஒன்று வந்து நின்று தெரிவதும் மறைவதுமாகச் சிமிட்டத் தொடங்கியபோது, அதை முதலில் பார்த்தவர் வாசல் பெருக்கும் தங்கபுஷ்பம் அக்கா. அவர் அதைச் சுற்றிப் பெருக்கினார், அது மறைகிற நேரம் பார்த்து அது நின்ற இடத்தையும் பெருக்கினார், குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டு எதிரே டீக்கடைக்குப் போனார். "ஆபீஸ் வாசல்ல ஒண்ணு நிக்கு. கண்ணச் சிமிட்டிக்கிட்டே நிக்கு. ஆனா பெருக்குததுக்கு எடைஞ்சல் இல்ல" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அது எங்கள் கோடு. எங்களுடையது என்றால் அளத்துக்கரைக் காலனிப் பெண்கள் முப்பத்தேழு பேருடையது, இன்னும் சரியாகச் சொன்னால் எங்களில் ஒருத்தியான பிரம்மசக்தியுடையது. நாங்கள் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். எங்கள் காலனிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் கசப்போடை ஓடுகிறது. வெயில் காலத்தில் அது வெறும் ஈரம், செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் தண்ணீர் ஏறத் தொடங்கி, கார்த்திகையில் நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிடும், அதன் பிறகு தை வரை நாங்கள் ஒரு தீவு. ஓடைக்குப் பாலம் போடுவதாகப் பதினோரு வருஷத்துக்கு முன்பே உத்தரவாகி, அதற்கான பெரிய சிமெண்டுக் குழாய்கள் ஆறும் வந்து இறங்கி, அலுவலகத்தின் பின்பக்கம் கிடக்கின்றன. அந்தக் குழாய்களுக்குள் பிறந்த நாய்க்குட்டிகள் வளர்ந்து, அதே குழாய்களுக்குள் குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் ஊரைச் சுற்றித் திரிந்துவிட்டு வந்து அங்கேயே குட்டி போடுகின்றன.

பாலத்துக்கு உத்தரவு வந்ததே பிரம்மசக்தியால்தான். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகையில் அவளுக்கு வலி வந்து, கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்தபோது, நடுத்தண்ணீரிலேயே பிள்ளை பிறந்துவிட்டது, கரை ஏறும்போது அதற்கு உயிர் இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. இந்த வருஷம் அவள் தங்கை முத்துப்பேச்சிக்கு அதே கார்த்திகையில் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். இந்தக் கதையில் வேறு எதைப் பற்றியும் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இதைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும், நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

உப்பளத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஆடி மாதம் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினார்கள். ஏதோ ஒரு கல்லூரி வேண்டாமென்று கழித்துப்போட்ட ஐந்து கம்ப்யூட்டர்கள், சொல்லிக்கொடுக்க ஜெசிந்தா என்று இருபத்து நாலு வயதுப் பெண். எங்களில் பலருக்கு அவள் வயதில் மகள் உண்டு. விடியுமுன் அளத்துக்குப் போய் மதியம் திரும்பி, குளித்து, மூன்று மணிக்கு வகுப்பில் உட்கார்ந்தால், பகலெல்லாம் உப்பின் வெள்ளையைப் பார்த்துக் கூசிப்போன கண்ணுக்கு அந்தக் கறுப்புத் திரை அவ்வளவு குளுமையாக இருக்கும். பாதிப் பேர் அந்தக் குளுமைக்காகவே போனோம். படிப்பு பிறகுதான் பிடித்தது.

நாங்கள் எழுதிய முதல் ப்ரோக்ராம் ஒரே ஒரு கேள்வி கேட்கும், "டீ வேண்டுமா?" என்று. நாம் பதில் தட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒன்றைத் தரும்போது முதல் தடவை "வேண்டாம்" என்றுதான் சொல்ல வேண்டும், இரண்டாம் தடவை "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்ல வேண்டும், மூன்றாம் தடவைதான் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் காணாததைக் கண்டவள் என்று பெயர் வந்துவிடும். ஆகவே நாங்கள் முப்பத்தேழு பேரும் "வேண்டாம்" என்று தட்டினோம். மெஷின் "சரி" என்று எழுதிவிட்டு ப்ரோக்ராமை முடித்துக்கொண்டது.

எங்களோடு படித்த சந்தனக்கிளிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒருவாட்டி கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுது! என்ன வளப்பு இது?"

ஜெசிந்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, பின் வரிசையில் பிரம்மசக்தி சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டாள்.

"என்னக்கா?"

"அன்னைக்கும் இப்படித்தான் டீச்சர்" என்றாள் பிரம்மசக்தி. "எம் பிள்ள போன மறு மாசம் ஒரு ஆபீசர் வந்தாரு. மரத்தடியில நாக்காலி போட்டு உக்காந்து, பாலம் அவசரமா வேணுமான்னு கேட்டாரு. பெரியாளுக எல்லாம் கையக் கட்டிக்கிட்டு, அவசரமில்லய்யா, நீங்க பாத்துச் செய்யுங்கன்னு சொல்லிட்டாவ. மரியாதைக்குத்தான் சொன்னாவ. அந்த ஆளு அப்படியே ஃபைல்ல எழுதிட்டுப் போயிட்டாரு. பொதுமக்கள் அவசரமில்லை எனத் தெரிவித்தனர்னு. போன வருசம் மனு போட்டு வாங்கிப் பாத்தேன், இன்னும் அப்படியேதான் இருக்கு."

எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களில் அவரும் ஒருவர்.

ஜெசிந்தா சாக்பீஸை எடுத்தாள். அடுத்த மாதம் நடத்த வேண்டிய பாடத்தை அன்றைக்கே நடத்தினாள். "ஒருதடவை கேட்டுட்டுப் போயிடாதே, சரியான பதில் வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி கேளுன்னு மெஷினுக்குச் சொல்லணும். அதுக்குப் பேருதான் லூப். எது சரியான பதில்னு நாமதான் எழுதணும். அது வந்தா வெளியே போகலாம். வராட்டா திரும்ப மேலே போய்க் கேட்கணும்."

நாங்கள் எழுதினோம். எழுதி ஓட்டி முதல் பதிலைத் தட்டியதும் ஐந்து மெஷின்களும் "சரியான பதில் இல்லை, சரியான பதில் இல்லை, சரியான பதில் இல்லை" என்று திரை நிரம்பி வழியத் திட்ட ஆரம்பித்தன. அடுத்து ஒரு பதிலும் தட்ட விடவில்லை. ஜெசிந்தா ஓடிவந்து ஒவ்வொன்றாக நிறுத்தினாள். "கேள்விய லூப்புக்கு வெளியே வெச்சுட்டீங்கக்கா. ஒருதடவை கேட்டுச்சு, பிறகு பதில் சொல்ல வாய்ப்பே தராம திட்டிக்கிட்டே இருக்கு. கேள்வி உள்ளே இருக்கணும். ஒவ்வொரு சுத்துக்கும் கேட்கணும், கேட்டுட்டுக் காத்திருக்கணும்."

"வெளிய வச்சா எங்க கங்காணி" என்றாள் சந்தனக்கிளி. எங்களுக்குப் பாடம் அப்படியே மண்டையில் ஏறிவிட்டது, இனி செத்தாலும் மறக்காது.

பிரம்மசக்தி மட்டும் நான்கு நாள் தனியாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். தேதி என்றால் என்ன என்று மெஷினுக்கு எப்படிச் சொல்வது, பிப்ரவரிக்கு எத்தனை நாள், ஒரு தேதி இன்னொன்றுக்கு முன்னால் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் ஜெசிந்தாவைத் துளைத்தெடுத்தாள். அந்தத் திங்கட்கிழமை மாலை, "ஓட்டுதேன்" என்றாள். நாங்கள் சுற்றி நின்றோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்தது:

ஓடைப் பாலம் எந்தத் தேதியில் வரும்?

கீழே கர்சர் சிமிட்டிக்கொண்டு நின்றது. யாருக்கும் எதைத் தட்டுவது என்று தெரியவில்லை.

"பதில் சொல்ல வேண்டிய ஆளு இங்க இல்லியே" என்றாள் பிரம்மசக்தி.

"பரவாயில்லக்கா, வர்ற வரைக்கும் அது காத்திருக்கும்" என்றாள் ஜெசிந்தா. மெஷினை அணைக்க மனமில்லாமல் அப்படியே விட்டு, கதவைப் பூட்டிவிட்டு வந்தோம். மறுநாள் போய்ப் பார்த்தபோது திரையில் கேள்வி இருந்தது, கர்சர் இல்லை. அது எங்கே போயிருந்தது என்பதைத்தான் தங்கபுஷ்பம் அக்கா டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோட்டுக்கு இடப்பக்கம், ஆகாயத்தில் எழுதினாற்போல, அதே கேள்வி நின்றது. பேரூராட்சி ஆட்கள் அதன் முன்னால் என்ன பேசினாலும் அது கேள்விக்குப் பக்கத்தில் எழுத்தாகிவிடும். தேதியாக இருந்தால் விட்டுவிடும், தேதியாக இல்லையென்றால், "சரியான பதில் இல்லை. தேதியாகச் சொல்லவும்" என்று ஒரு வரி வந்து, கேள்வி மறுபடி கீழே முளைக்கும். பழைய வரிகள் அழியாமல் மேலே மேலே ஏறிப்போகும். முதல் நாள் மட்டும் எழுதப்பட்ட பதில்களைச் சொல்கிறேன்: "என்னது இது?", "யார் வேலை இது?", "ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் உள்ளது", "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்", "நிதி வந்ததும்", "மழைக்குப் பிறகு", "விரைவில்." கடைசிப் பதிலைச் சொன்னவர் செயல் அலுவலர் செண்பகவேல். அவர் கெட்ட மனிதர் இல்லை, யாருக்கும் முகத்தில் அடித்தாற்போல முடியாது என்று சொல்லத் தெரியாதவர், வந்தவர்களுக்கெல்லாம் "ஆகட்டும்" சொல்லியே பணியில் இருபது வருஷத்தைத் தள்ளியவர். அப்படிப்பட்டவரிடம் தேதி கேட்டால் என்ன ஆகும்?

ஊர் அந்தக் கோட்டுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. இரண்டாம் நாள் அதற்குச் சிமிட்டான் என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் யாரோ மாலை போட்டார்கள். அது மறைந்ததும் மாலை தரையில் விழுந்தது, மறுபடி போட்டார்கள், மறுபடி விழுந்தது. இசக்கியம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்து காட்டியபோது அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது சாமி இல்ல. சாமி இத்தன தடவ கேக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். ஒருவன் வெள்ளாட்டை அதில் கட்டிவிட்டு வரி கட்டப் போனான். அவன் திரும்புவதற்குள் ஆடு பேரூராட்சிப் பூங்காவில் பாதியை மேய்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அது மறையும் அரை நொடிக்குள் ஊடாகப் பாய்ந்து விளையாடினார்கள். நேரம் தப்பியவர்களுக்கு உடம்பில் லேசாகக் கூசும், அவ்வளவுதான். மின்வாரிய ஆள் ஏணி கொண்டுவந்து எங்கிருந்து கரண்டு போகிறது என்று தேடினார். கரண்டு போன நேரத்திலும் அது சிமிட்டியதால், "நம்ம டிபார்ட்மெண்டு இல்ல" என்று ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மினிபஸ் கண்டக்டர் "பேரூராட்சி, பேரூராட்சி" என்று கத்துவதை விட்டு "சிமிட்டான் எறங்கு, சிமிட்டான் எறங்கு" என்று கத்தத் தொடங்கினார். டீக்கடைக்காரர் தன் பெஞ்சைச் சாலைக்கு இந்தப் பக்கம் போட்டார், ஏனென்றால் பேப்பரை விட அது சுவாரசியமாக இருந்தது. காலையில் வருகிறவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு முந்தின நாள் பதில்களை மேலிருந்து கீழாக உரக்கப் படிப்பார்கள்.

சிமிட்டான் கேட்டது பாலத்தைப் பற்றி மட்டும்தான், ஆனால் அதன் பேச்சு ஊருக்குத் தொற்றிக்கொண்டது. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையைக் கேட்டால் டெய்லர் "நாளைக்கு வாங்க" என்பார். இப்போது பெண்கள் கடை வாசலிலேயே நின்று, "சரியான பதில் இல்லை. தேதியாகச் சொல்லவும்" என்றார்கள். டெய்லர் வேர்த்துப் போய்த் தேதி சொன்னார், சொன்ன தேதிக்குத் தைத்தும் கொடுத்தார். குழந்தைகள் சுற்றுலா எப்போது என்று வாத்தியாரைக் கேட்டார்கள். மூன்று வருஷமாகப் பெண் பார்த்துவிட்டு "சொல்லி அனுப்புதோம்" என்று போன மாப்பிள்ளை வீட்டாரிடம், ஒரு தகப்பன் நேரே போய்த் தேதி கேட்டு, அவர்கள் விழித்ததும், "சரி, வேற எடம் பாத்துக்கிடுதோம்" என்று தலை நிமிர்ந்து திரும்பி வந்தார். இதெல்லாம் எங்கள் ஊரில் நடக்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

அலுவலகம் சும்மா இருக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கோடு மறைந்தபோது தார்ப்பாய் கீழே விழுந்தது, தெரிந்தபோது தார்ப்பாயின் மேல் நின்றது. சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். அது சுவருக்கு வெளியே ஓர் அடி தள்ளி நின்றுகொண்டது, இப்போது சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகவேண்டிய தலைவலி ஊழியர்களுக்குத்தான். ஜெசிந்தாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் நோட்டைத் திறந்து லூப் என்றால் என்ன என்று அவர்களுக்கும் அரைமணி நேரம் பாடம் நடத்திவிட்டு வந்தாள்.

ஐப்பசி நடுவில் மாவட்ட அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. அதற்குள் பதில்கள் அலுவலகக் கூரையைத் தாண்டி, கொடிக்கம்பத்துக்கு மேலே போயிருந்தன. அதிகாரி காரை விட்டு இறங்கியதும் "விரைவில்" என்ற சொல்லை நாற்பத்தாறு தடவை படிக்க நேரும். செண்பகவேல் வெளியே வந்து சிமிட்டான் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிப்ரவரி முப்பது" என்றார்.

டீக்கடைப் பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது, பக்கத்தில் ஜெசிந்தாவும் நாங்களும். சரியான பதில் இல்லை என்று வந்தது.

"சரி, ஜனவரி இருபது" என்றார்.

அது உண்மையான தேதிதான். ஆனால் அதற்கும் சரியான பதில் இல்லை என்றே வந்தது. ஜெசிந்தா திரும்பிப் பிரம்மசக்தியைப் பார்த்தாள்.

"கார்த்திகைக்கு முந்தி இருக்கணும்னு எழுதியிருக்கேன் டீச்சர்" என்றாள் அவள், மெதுவாக. "தங்கச்சி கரை ஏறின பிறகு எனக்கு எதுக்குப் பாலம்? அதுக்குப் பிறகு வர்ற தேதி எங்களுக்குத் தேதியே இல்ல."

செண்பகவேலுக்கு அது காதில் விழுந்தது. அவர் கார்த்திகை எப்போது பிறக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நவம்பர் பதினைந்து" என்றார். சிமிட்டான் ஒரு தடவை மறைந்தது. மறுபடி தெரியவில்லை. ஆகாயத்தில் ஏறி நின்ற வரிகளும் ஒவ்வொன்றாக மேலேயிருந்து அழிந்து, கடைசியில் கேள்வியும் அழிந்து, வாசல் வெறும் வாசலாகிவிட்டது. சந்தனக்கிளி அழுதாள். ஏன் அழுதாள் என்று அவளுக்கே தெரியவில்லை, எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

மாவட்ட அதிகாரி வந்தார், போனார். நவம்பர் பதினைந்தும் வந்தது, போனது. ஓடையில் தண்ணீர் இடுப்பைத் தாண்டிவிட்டது, குழாய்கள் அங்கேயே கிடந்தன, அவற்றுக்குள் புதுசாக ஐந்து குட்டிகள். ப்ரோக்ராமைத் திரும்ப ஓட்டலாம் என்று சங்கக் கட்டடத்துக்குப் போனால், கட்டடம் உறுதியாக இல்லை என்று பேரூராட்சி நோட்டீஸ் ஒட்டிப் பூட்டி சீல் வைத்திருந்தது. எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கூரை ஒழுகியபோது எட்டிப் பார்க்காதவர்கள்!

"முடிஞ்ச ப்ரோக்ராம் தானா திரும்ப ஓடாதுக்கா" என்றாள் ஜெசிந்தா. அவள் முகம் விழுந்துபோயிருந்தது. "யாராவது ஓட்டணும். மெஷின் உள்ளே மாட்டிக்கிச்சு."

பிரம்மசக்தி சீல் வைத்த பூட்டைப் பார்த்தாள். "மெஷின் எதுக்கு டீச்சர்? லூப்பு என்னன்னுதான் எங்களுக்குத் தெரியுமே."

மறுநாள் காலை பத்து மணிக்கு, இடுப்புத் தண்ணீரில் ஓடையைக் கடந்து, ஈரப் பாவாடையோடு முப்பத்தேழு பேரும் பேரூராட்சி வாசலில் வரிசையாக நின்றோம். மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது, எங்களுக்கு அவசரமும் கிடையாது. முதலில் பிரம்மசக்தி செயல் அலுவலர் அறைக்குள் போனாள்.

"அய்யா, ஓடைப் பாலம் எந்தத் தேதியில வரும்?"

"பாக்குறேம்மா, ஒரு ரெண்டு..."

"சரியான பதில் இல்லை. தேதியாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். அடுத்து சந்தனக்கிளி போனாள். அடுத்து நான். நான் கேள்வியைக் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டேன். முப்பத்தேழு பேரும் கேட்டு முடித்தபோது வாசலில் மறுபடி பிரம்மசக்தி நின்றாள். இது முடிகிற வரிசை இல்லை என்று புரிந்துகொண்டபோது செண்பகவேல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

ஹெட் கான்ஸ்டபிள் வந்தார். "எதுக்கும்மா கூட்டம் போடுறீங்க?"

"கூட்டம் இல்லய்யா, வரிசை" என்றாள் சந்தனக்கிளி. "உள்ள எப்பவும் ஒருத்திதான் போறா, ஒருவாட்டிதான் கேக்கா. சத்தம்கூடப் போடல." அவர் யோசித்துப் பார்த்தார், எந்தச் சட்டத்தில் அடங்கும் என்று தெரியவில்லை, நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாம் நாள் செண்பகவேல் எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கி அனுப்பினார். எங்களைத் தெரிந்த மனிதர், நாங்கள் வேண்டாம் என்போம், பிறகு வற்புறுத்துவார், பேச்சு வளரும், மனசு இளகும் என்று கணக்குப் போட்டிருப்பார். நாங்கள் முதல் தடவையே வாங்கிக் குடித்துவிட்டு, கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்றோம். பிறந்ததிலிருந்து நான் அப்படிச் செய்ததில்லை. அந்த டீ அவ்வளவு ருசியாக இருந்தது.

மூன்றாம் நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான்காம் நாள் வரிசையில் ஆள் கூடியிருந்தது. டெய்லர் வந்து நின்றார், மினிபஸ் கண்டக்டர் லீவு போட்டுவிட்டு வந்தார், தங்கபுஷ்பம் அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, தன் மேலதிகாரியிடமே, "அய்யா, தேதியாச் சொல்லுங்க" என்றார். வரிசை அலுவலகத்தை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றித் தன் வாலிலேயே வந்து முட்டியது. அன்று மதியம், எத்தனையாவது சுற்று என்று யாருக்கும் தெரியாது, உள்ளே போன பிரம்மசக்தி கேள்வியைக் கேட்டபோது, செண்பகவேல் ஜன்னல் வழியாகப் பின்னால் கிடந்த குழாய்களைப் பார்த்தார். பதினோரு வருஷமாக அந்த ஜன்னலுக்கு அடியில்தான் அவை கிடந்தன.

"இன்னைக்கு" என்றார், வராத குரலில்.

"இன்னைக்கு என்ன தேதி?"

"இருபத்து ரெண்டு."

அவள் பின்வாசல் வழியாகப் போய், குழாய்க்குள் குனிந்து, நாய்க்குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே விட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் ஜேசிபி வந்துவிட்டது. ஆறு குழாய்களை இறக்கி, மண் கொட்டி, மேலே கான்கிரீட் போட எட்டே நாள் ஆனது. எட்டு நாள் வேலைக்குப் பதினோரு வருஷம்! அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வேலை முடிந்த அன்று பாலத்தின் இரு முனையிலும் கயிறு கட்டிவிட்டார்கள். திறப்பு விழா முடியாமல் யாரும் நடக்கக் கூடாதாம். பெரிய மனிதர்கள் வர வேண்டும், கல்வெட்டு வர வேண்டும், அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கட்டி முடித்த பாலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாங்கள் தண்ணீரில் இறங்கிப் போய்வந்தோம். தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

நாலாம் நாள் காலை ஒன்பது மணி வாக்கில் முத்துப்பேச்சிக்கு வலி கண்டது. முந்தின வாரமே, பாலம் முடிந்துவிடும் என்று நம்பி, காலி ஆட்டோ ஒன்றைச் சுற்றுவழியாய் அளத்துச் சேற்றில் ஒரு பகல் முழுக்கத் தள்ளிக் காலனிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தோம், வலி கண்டவளைக் கொண்டுபோகிற வழி இல்லை அது. அது அவளை ஏற்றிக்கொண்டு வந்து கயிற்றின் முன்னால் நின்றது. பிரம்மசக்தி தங்கையின் தலையை மடியில் வைத்திருந்தாள். முத்துப்பேச்சி அக்காவின் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பதினோரு வருஷத்துக்கு முந்திய கதை தெரியும்.

மறுகரையில் பந்தல்கால் ஊன்றும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்த செண்பகவேல் ஆட்டோவைக் கண்டதும் பாலத்தின் மேல் வேகமாக நடந்து வந்தார். அவர்தான் அந்தப் பாலத்தில் முதலில் நடந்தவர், அது அவருக்கு உறைக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க, மேலே ஒரு வார்த்தை கேட்டுடுறேன்" என்று போனை எடுத்தார்.

பிரம்மசக்தி தங்கையின் தலையை என் மடிக்கு மாற்றிவிட்டு இறங்கினாள். கயிற்று முடிச்சு மழையில் ஊறி இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். ஓடிப் போய் மறுமுனைக் கயிற்றையும் அவிழ்த்தாள். செண்பகவேல் போனைக் காதில் வைத்தபடியே அவள் பின்னால் போனார்.

"யாரைக் கேட்டும்மா அவுக்குறே?"

"பதினோரு வருசமா உங்களத்தான் கேட்டேன்" என்றாள் பிரம்மசக்தி. "இனிக் கேக்கதா இல்ல."

இரண்டு கயிற்றையும் சுருட்டி ஓடையில் எறிந்துவிட்டு, ஆட்டோவைப் பார்த்து, "வா" என்று கை காட்டினாள். ஆட்டோ பாலத்தில் ஏறியது.